ஒரு புள்ளியின் வரலாறு: ஃபுஜி, 1976

விளையாட்டு வரலாற்றை வென்றவர்களின் பெயர்ப்பட்டியலாகவே நாம் படித்துப் பழகிவிட்டோம். அப்பட்டியலில், 1976ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய உலகப் பட்டத்துக்கு நேரே இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஹன்ட் பெயர் நிற்கிறது. அவர் பெற்றவை 69 புள்ளிகள். ஆஸ்திரியாவின் நிக்கி லவுடா பெற்றவை 68. இந்த ஒரு புள்ளி எங்ஙனம் நேர்ந்தது என்பதைச் சற்றே விரித்துக் காண்போம்.

முந்திய ஆண்டின் உலக வாகையர் லவுடா. 1976இலும் ஃபெராரி காரில் அவரே முன்னணியில் இருந்தார். ஆகஸ்டு 1 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் போட்டி. காட்டுக்கும் மலைக்கும் இடையே 22 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அப்பாதையில் பாதுகாப்பு போதாது. அங்கே ஓட்டலாகாது என்று ஓட்டுநர் கூட்டத்தில் வாதிட்டவர் லவுடா. பெரும்பான்மையோர் அதை ஏற்கவில்லை. போட்டியில் அவர் காரே தடம் புரண்டு மோதித் தீப்பற்றியது. மெர்ட்சாரியோ, எட்வர்ட்ஸ், லங்கர், எர்ட்ல் என்னும் சக ஓட்டுநர் நால்வர் அவரை நெருப்பிலிருந்து இழுத்தெடுத்தனர். முகமும் தலையும் வெந்தன. நச்சுப்புகை நுரையீரலைத் தாக்கியது. மருத்துவமனையில் பாதிரியார் வந்து, இறப்போர்க்குரிய பிரார்த்தனையையும் செய்து முடித்தார்.

அந்த மனிதர் ஆறே வாரங்களில் திரும்பி வந்தார். செப்டம்பர் 12 அன்று இத்தாலியின் மோன்சாவில், புண் ஆறாத தலையில் கட்டுடன் ஓட்டி நான்காம் இடம் பெற்றார். அவரைக் கோழை என்பார் எவரும் இந்த நாளை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அம்மாத இறுதியில் 17 புள்ளிகள் பின்தங்கியிருந்த ஹன்ட், கனடாவிலும் அமெரிக்காவிலும் அடுத்தடுத்து வென்று இடைவெளியை மூன்றாகக் குறைத்தார். லவுடா 68, ஹன்ட் 65. எஞ்சியது ஒரே போட்டி: அக்டோபர் 24, ஜப்பானின் ஃபுஜி மலையடிவாரம். உலகப் பட்டத்துக்கான போட்டியொன்று ஜப்பானில் நடந்தது அதுவே முதன்முறை.

அன்று மழை கொட்டியது, மூடுபனியும் சூழ்ந்தது. பாதையில் நீர் ஓடிற்று. ஓட்டலாமா கூடாதா என்ற வாதத்தில் நேரம் கழிந்தது. மாலை இருளுமுன் நடத்தியாக வேண்டும் என்ற நெருக்கடியில், ஒரு மணி நேரத்துக்கும் மேலான தாமதத்தோடு போட்டி தொடங்கிற்று. முன்னே செல்லும் கார்கள் வாரி இறைத்த நீர்த்திரையில் பின்னே வருவோர்க்குப் பாதையே புலப்படவில்லை. தீயில் சிதைந்த இமைகளால் லவுடா கண்களைச் சரிவர இமைக்கவும் இயலாதிருந்தார். இரண்டு சுற்றுகள் முடிந்ததும் காரை ஓரங்கட்டி இறங்கிவிட்டார்.

எஞ்சின் பழுது என்று அறிவித்துவிடலாம் என்றார் ஃபெராரியின் தலைமைப் பொறியாளர் மௌரோ ஃபொர்கியேரி. லவுடா மறுத்தார். ஓட்ட முடியாத ஆபத்து. ஆகவே விலகினேன் என்பதே அவர் சொன்ன காரணம். ஃபிட்டிபால்டி, பாசே, பெர்கின்ஸ் ஆகியோரும் அன்று அவ்வாறே விலகினர். ஆனால் இழப்பதற்கு உலகப் பட்டத்தை வைத்திருந்தவர் லவுடா ஒருவரே.

ஹன்டின் வெற்றியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நெடுநேரம் முன்னணியில் ஓடிய அவர், பாதை உலர உலர டயர் தேய்ந்து, அதை மாற்றிக்கொண்டு ஐந்தாவதாகத் திரும்பினார். ஐந்தாம் இடம் பட்டத்துக்குப் போதாது. கடைசிச் சுற்றுகளில் இருவரை முந்தி மூன்றாமவராக முடித்தார். தாம் பட்டம் வென்றதை இறங்கிய பின்னரும் அவரால் நம்ப இயலவில்லை. போட்டியில் முதலிடம் மரியோ ஆண்ட்ரெட்டிக்கு.

புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரனைப் பாடியது நம் சங்க இலக்கியம். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை அறிவுடைமை அதிகாரத்தில் வைத்தவரும் நம் வள்ளுவரே. லவுடாவை இவற்றுள் எந்த அளவுகோலால் அளப்பது? களத்தை விட்டு நீங்கியதைவிட, எஞ்சின் மேல் பழி போடாததையே நாம் அருஞ்செயலாகக் கருதுகிறோம். பொய் அவருக்கு முன் ஆயத்தமாக இருந்தது. அதை ஏற்றிருந்தால் இத்தாலியப் பத்திரிகைகளின் ஏச்சும், அணித் தலைவர் என்ஸோ ஃபெராரியின் மனக்கசப்பும் இல்லாதொழிந்திருக்கும்.

1977இல் லவுடா மீண்டும் பட்டம் வென்று, அப்பருவம் முடியுமுன்னரே ஃபெராரியை விட்டு நீங்கினார். 1984இல் மூன்றாம் பட்டம் பெற்றார். அலன் ப்ரோஸ்ட்டை அவர் வென்றது அரைப் புள்ளியால். அவ்வாண்டு மொனாக்கோ போட்டி மழையால் பாதியில் நிறுத்தப்பட்டு, முதலிடம் பெற்ற ப்ரோஸ்ட்டுக்குப் பாதிப் புள்ளிகளே கிடைத்தன.

2014இல் ஜப்பானின் சுஸுகாவில் மழையில் நேர்ந்த விபத்தால் ஜூல் பியாஞ்சி மறு ஆண்டு உயிரிழந்தார். 2021இல் பெல்ஜியப் போட்டி கனமழையால் பாதுகாப்புக் காரின் பின்னே சில சுற்றுகளோடு முடிக்கப்பட்டது. காத்திருந்த பார்வையாளர்கள் ஏமாந்தனர். ஓட்டக்கூடாது என்று அன்று நிர்வாகமே முடிவு செய்தது. 1976இல் அந்த முடிவை எடுக்கும் சுமை ஓட்டுநரின் தலையில் விழுந்தது. அதற்கு லவுடா கொடுத்த விலை அந்த ஒரு புள்ளி.