எமிலும் துப்பறியும் சிறுவரும்: ஒரு நாவல் பெற்ற தீர்ப்புகள்

சிறுவர்க்கென எழுதப்படும் நூல்களுக்குத் தீர்ப்பு வழங்குவோர் பெரும்பாலும் சிறுவர் அல்லர். பதிப்பாளர், ஆசிரியர், பெற்றோர், திறனாய்வாளர், சில வேளைகளில் அரசு என மூத்தோர் பலரும் தத்தம் கருத்தைக் கூறி முடித்த பின்னரே சிறுவன் வாய் திறக்க இடம் கிடைக்கிறது. மேலிடத்தார் குறிப்புகள் ஏறிய பின்னரே கோப்பின் அடியில் இருக்கும் மூல விண்ணப்பம் எவர் கண்ணிலேனும் படும். எம் போன்ற எழுத்தர்க்கு இது நாள்தோறும் காணும் காட்சி. 1929-இல் பெர்லினில் வெளிவந்த 'எமிலும் துப்பறிவாளரும்' என்னும் ஜெர்மானிய நாவல் பெற்ற தீர்ப்புகளை ஈண்டு ஒருவாறு நோக்குவோம்.

இதன் ஆசிரியர் எரிக் கெஸ்ட்னர் 1899-இல் டிரெஸ்டன் நகரில் பிறந்தவர். கவிஞராகவும் இதழாளராகவும் பெர்லினில் பெயர் பெற்றிருந்த அவரைச் சிறுவர்க்கு எழுதுமாறு தூண்டியவர் எடித் யாக்கப்சோன் என்னும் பதிப்பாளர் அம்மையார். வால்டர் டிரையர் படங்கள் வரைந்தார்.

கதை எளியது. முடிதிருத்தும் தொழிலால் பிழைக்கும் கைம்பெண் ஒருத்தி தன் மகன் எமிலிடம் 140 மார்க் கொடுத்துப் பெர்லினிலுள்ள பாட்டி வீட்டுக்கு அனுப்புகிறாள். பணத்தைச் சட்டையின் உள்மடிப்போடு சேர்த்து ஊசியால் குத்தி வைத்துக்கொள்கிறான் சிறுவன். இரயிலில் அவன் உறங்கும் வேளையில் வட்டத் தொப்பிக்காரன் ஒருவன் அதனைக் களவாடிச் செல்கிறான். காவலரிடம் முறையிட எமிலுக்கு அச்சம். ஊரில் ஒரு பிரபுவின் சிலைக்குச் சிவப்பு மூக்கும் மீசையும் தீட்டிய குற்றம் அவன் நெஞ்சை உறுத்துகிறது. முன்பின் அறியாத பெர்லின் சிறுவர்கள் அவனுக்குத் துணை நிற்கின்றனர். திரளாகப் பின்தொடர்ந்து கள்வனை வங்கியொன்றில் மடக்குகின்றனர். நோட்டுகளில் இருந்த ஊசித் துளைகளே சான்றாகின்றன. துப்பறியும் கதையில் இதைவிடச் சிக்கனமான தடயத்தை யாம் கண்டதில்லை.

நூல் பெருவெற்றி பெற்றது. மந்திரக் காடும் அரண்மனையும் விடுத்து, டிராம் வண்டியும் தொலைபேசியும் உணவு விடுதியும் நிறைந்த மெய்யான நகரத்தைச் சிறுவர் கதைக்குக் களமாக்கியமை பலரைக் கவர்ந்தது. ஆங்கில மொழிபெயர்ப்புக்குக் கவிஞர் வால்டர் டி லா மேர் முன்னுரை வழங்கினார். 1931-இல் வெளிவந்த திரைப்படத்துக்குத் திரைக்கதை அமைத்தோருள் பிற்காலத்தில் ஹாலிவுட்டில் புகழ்பெற்ற பில்லி வைல்டரும் ஒருவர்.

குறை கண்டோரும் உளர். அன்னைக்கு அடங்கிய எமில் அளவுக்கு மீறிய நல்ல பிள்ளை என்றனர் சிலர். இக்கருத்து எமக்கு உடன்பாடன்று. சிலைக்கு மீசை தீட்டியவனை நல்ல பிள்ளை என ஒதுக்குவது எங்ஙனம்? அவனது நன்னடத்தை, தாயின் உழைப்பைக் கண்ணெதிரே கண்டு வளர்ந்தவனது நன்னடத்தை. கெஸ்ட்னரின் அன்னையும் முடிதிருத்தும் தொழில் செய்தவரே.

மற்றொரு குறை வலிமை உடையது. எமிலின் உறவுச் சிறுமி போனி மிதிவண்டியில் வருகிறாள்; அவள் நாவன்மைக்கு ஈடு கொடுக்கும் சிறுவன் அக்கதையில் இல்லை. ஆயினும் அவள் காப்பியும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் கொணர்ந்து பரிமாறுவதோடு சரி, வேட்டை ஆண்பிள்ளைகளுக்கே. காலத்தின் இயல்பு எனக் கூறி இதனைக் கடந்துவிட யாம் விரும்பவில்லை. அக்குழுவிலேயே கூரிய மதி படைத்தவளை ஆசிரியர் வீணடித்தார் என்றே கருதுகிறோம்.

இனி அரசின் தீர்ப்பு. 1933 மே 10 அன்று பெர்லின் ஓப்பரா சதுக்கத்தில் நாஜிகள் மூட்டிய தீயில் கெஸ்ட்னரின் நூல்கள் எறியப்பட்டன. அவர் தாமே கூட்டத்தில் நின்று அதனைக் கண்டார். ஒழுக்கச் சீர்கேட்டுக்குத் துணைபோனவர் என்பது அவர்மீது சாட்டிய குற்றம். எமிலின் கதையை மட்டும் அன்று விட்டுவைத்தனர். வீடுதோறும் இருந்த நூலைத் தீயிலிட அவர்களே தயங்கினர் போலும். அவ்விலக்கும் நிலைக்கவில்லை, சில ஆண்டுகளில் எமிலும் விற்பனையினின்று அகற்றப்பட்டான். யூதரான யாக்கப்சோன் அம்மையார் நாடு நீங்கி 1935-இல் லண்டனில் மறைந்தார். டிரையரும் 1936-இல் இங்கிலாந்து சேர்ந்தார். கெஸ்ட்னர் மட்டும் பெர்லினை விட்டுப் பெயரவில்லை.

சிறுவர் தரப்பில் ஒருவனையேனும் குறிப்பிடல் வேண்டும். ஹான்ஸ் ஆல்பிரெக்ட் லோர் என்னும் பெர்லின் சிறுவன் நூலைப் படித்து மகிழ்ந்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதினான். அக்கடிதம் நட்பாக வளர்ந்தது. திரைப்படத்தில் அவனுக்குக் கிடைத்த வேடம் 'குட்டிச் செவ்வாய்' என்னும் சிறுவனுடையது. கதையில் மற்றையோர் தெருவில் கள்வனைத் துரத்த, இச்சிறுவன் வீட்டில் தொலைபேசியருகே தனித்து அமர்ந்து செய்தி வாங்கிச் செய்தி தரவேண்டும். ஓடிச் சென்று வேட்டையைக் காண அவனுக்கும் ஆவல்தான். எனினும் இருக்கையை விட்டு எழவில்லை. இறுதியில் பாட்டியார், கூடியிருந்த பிள்ளைகள் நடுவே அவனையே தனித்துப் பாராட்டுகிறார். நூல் முழுவதிலும் யாம் மீண்டும் மீண்டும் படிக்கும் இடம் அதுவே.

லோர் வளர்ந்தான், படையில் சேர்க்கப்பட்டான். 1942-இல் சோவியத் போர்முனையில் மாண்டான். எமிலாக நடித்த ரோல்ஃப் வென்காவுஸும் அதே ஆண்டில் போரில் இறந்தான். போர் முடிந்தபின் நூல் மீண்டும் அச்சேறியது. 1960-இல் கெஸ்ட்னருக்கு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பதக்கம் வழங்கப்பட்டது.