கமுதிக்குப் பின் வந்த விதி

ராமநாதபுரத்தை அடுத்த வழுதூர் எரிவாயு மின்நிலையத்தில் மின்சாரம் தருவது சுழலும் எந்திரம். கிரிட்டில் சுமை ஏறினால் அதன் வேகம் தளரும். கவர்னர் அதை உணர்ந்து எரிவாயுவைக் கூட்டும். கூட்டும்வரையான சில நொடிகளைச் சுழலும் இரும்பின் நிறையே தாங்கிக்கொள்ளும். கமுதி சூரிய மின்நிலையத்தில் சுழல்வதற்கு எதுவும் இல்லை. 2016 செப்டம்பரில் இயங்கத் தொடங்கிய அந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் 25 லட்சம் பலகைகளும், அவற்றின் மின்சாரத்தைக் கிரிட்டுக்கு ஏற்றதாக மாற்றும் 576 இன்வெர்ட்டர்களும் கொண்டது. அதிர்வெண் குறைந்தாலோ மின்னழுத்தம் சரிந்தாலோ ஓர் இன்வெர்ட்டர் என்ன செய்யும் என்பதை அதன் மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. எழுதிவைக்காவிட்டால் கிரிட்டுக்கு உதவ ஒன்றும் செய்யாது. பல நேரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கழன்றுகொள்ளும். ஆகவே மின்திறனைக் கட்டுப்படுத்தும் திறமை விற்பவர் விருப்பமாக இருக்கலாமா, சட்டக் கட்டாயமாக வேண்டுமா என்ற கேள்வி இங்கே வெறும் தத்துவம் அல்ல. கட்டாயமாக வேண்டும், அதுவும் கருவி கிரிட்டில் இணையும் நாளிலேயே வேண்டும் என்பது என் வாதம்.

தாமதித்தவர்கள் பட்ட பாடு பதிவாகியிருக்கிறது. ஜெர்மனியில் அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தாண்டினால் சூரிய இன்வெர்ட்டர்கள் உடனே துண்டித்துக்கொள்ள வேண்டும் என்றே முதலில் விதித்திருந்தார்கள். சில கூரைகளில் மட்டும் பலகைகள் இருந்தவரை அது பாதுகாப்பு. கூரைகள் பெருகியபின் எல்லாம் ஒரே கணத்தில் விலகும் ஆபத்து. 2012இல் சட்டம் போட்டு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளைத் திருத்த நேர்ந்தது. கமுதி இயங்கத் தொடங்கிய அதே மாதம் 28ஆம் தேதி தென் ஆஸ்திரேலியா முழுவதும் இருளில் மூழ்கியது. புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்தது தொடக்கம் மட்டுமே. அடுத்தடுத்து மின்னழுத்தம் சரிந்தபோது, இத்தனை முறைக்கு மேல் தாங்காதே என்ற ஓர் அமைப்பு காற்றாலைகளுக்குள் இருந்தது. கிரிட்டை இயக்கியவர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை. மொத்தத்தில் 456 மெகாவாட் சில நொடிகளில் போயிற்று.

இந்தியாவில் மத்திய மின்சார ஆணையத்தின் கிரிட் இணைப்பு விதிகள் 2007இல் வந்தன. காற்றாலைக்கும் சூரிய நிலையத்துக்கும் தனி நிபந்தனைகள் 2013இல்தான் சேர்ந்தன. சுமை அனுப்பு மையம் சொல்லும் அளவுக்கு உற்பத்தியைக் கூட்டிக் குறைக்கும் வசதியும், 3 முதல் 6 விழுக்காடு ட்ரூப் (அதிர்வெண் விலகலுக்கு ஏற்ப உற்பத்தியை மாற்றும் விகிதம்) கொண்ட அதிர்வெண் கட்டுப்பாடும் 10 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதிய நிலையங்களுக்கு 2019 திருத்தத்தில் வந்தன. கமுதி அதற்கு மூன்றாண்டு மூத்தது.

செலவு கூடும் என்பது முதல் மறுப்பு. வாங்கும்போதே கேட்டால் பெரும்பகுதி மென்பொருள் வேலைதான். ஜெர்மனியைப் போலக் கூரை கூரையாகப் போய்த் திருத்துவதுதான் செலவு. விதி தொழில்நுட்பத்தை முடக்கிவிடும் என்பதற்கும் பதில் 2019 வாசகத்திலேயே இருக்கிறது: என்ன விளைவு வேண்டும் என்கிறதே தவிர, எந்த வழியில் என்று சொல்லவில்லை. கனமான மறுப்பு வேறு. கீழ்ப்படியும் கருவியைக் காரணமில்லாமலும் அடக்கலாம் அல்லவா? தமிழ்நாட்டில் அது கற்பனை இல்லை. சூரிய மின்சாரத்துக்கு, கிடைப்பதைக் குறைக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ‘மஸ்ட் ரன்’ தகுதி இருந்தும் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னார்கள் என்று உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில், 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், கிரிட் பாதுகாப்புக்காக அல்லாத குறைப்புக்கு ஒப்பந்த விலையில் 75 விழுக்காடு இழப்பீடு தர உத்தரவிட்டது. இந்த மறுப்பு திறமையை எதிர்க்கவில்லை, அதைப் பயன்படுத்தும் அதிகாரத்தை எதிர்க்கிறது. பிரேக் போடும் அதிகாரம் யாருக்கு என்று சண்டையிடலாம். அதற்காகப் பிரேக் இல்லாத வண்டியை விற்க முடியாது. ஒவ்வொரு குறைப்பும் காரணத்தோடு பதிவாக வேண்டும், பாதுகாப்புக் காரணம் இல்லாவிட்டால் பணம் தரவேண்டும் என்பதை இணைப்பு விதியோடு சேர்த்தே எழுதியிருக்கலாம்.

பழைய நிலையங்கள் மிச்சம் இருக்கின்றன. கமுதியின் மின்சாரம் யூனிட்டுக்கு 7.01 ரூபாய் என 25 ஆண்டுக்கு ஒப்பந்தமானது. இன்வெர்ட்டர்கள் பொதுவாக அவ்வளவு காலம் உழைப்பதில்லை. பழையது கழன்று புதியது ஏறும்போது, அந்தப் பெட்டிக்காவது 2019 நிபந்தனை பொருந்தும் என்று ஒரு வரி சேர்த்தால், நடுவில் யாரையும் பிடித்துத் திருத்தச் சொல்லவேண்டிய தேவை வராது.