நீரிணையில் நின்ற பெயர்: பாக் குடும்பமும் ஜொகூர்த் தோட்டத் தமிழரின் வம்ச வரலாறும்

ஜொகூரில் குளுவாங், ரெங்கம், சிகாமட் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கதை நாகப்பட்டினத்தில் கப்பலேறிய ஒரு தாத்தாவிலிருந்து தொடங்குகிறது. அவருக்கு முந்தியவரின் பெயரைக் கேட்டால் வீட்டுப் பெரியவர்களே தடுமாறுவார்கள். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கோடியக்கரையைத் தாண்டியதும் விரியும் கடலுக்குப் பாக் நீரிணை என்று பெயர். பள்ளிக்கூட வரைபடத்தில் நாம் எல்லோரும் படித்த அந்தப் பெயர் ஓர் ஆங்கிலேயருடையது. அவருடைய பிறந்த ஊர், தந்தை பெயர், படித்த கல்லூரி, மணந்த பெண்ணின் குடும்பம், கடைசி வாரிசு இறந்த ஆண்டு என அனைத்தும் அச்சில் இருக்கின்றன. ஒரே கரையோடு தொடர்புடைய இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்கு இருநூறு ஆண்டு வரலாறும் மற்றொன்றுக்கு இரண்டு தலைமுறை நினைவும் மிஞ்சியது ஏன் என்பதே என் கேள்வி. ‘அவர்கள் எழுதி வைத்தார்கள், நாம் வைக்கவில்லை’ என்று நம்மவர்கள் சொல்லும் வழக்கமான பதில் எனக்கு ஏற்புடையதன்று. எழுதுவதற்கான காரணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேறு விடை கிடைக்கிறது.

ராபர்ட் பாக் 1717இல் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், ஆஷ்பர்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். பிரபுக் குலமில்லை, எளிய குடியானவக் குடும்பம். உறவினர் உதவியால் ஆக்ஸ்ஃபோர்டின் வாதம் கல்லூரியில் படித்து, திருச்சபை ஊழியத்தில் சேர்ந்தார். கப்பற்படையின் பாதிரியாராகச் சோழமண்டலக் கரைக்கு வந்து, கடலூர் புனித டேவிட் கோட்டையில் கிழக்கிந்தியக் கும்பினியின் பாதிரியாரானார். அதுவரை அந்தக் குடும்பத்தைப் பற்றி நமக்குக் கிடைப்பது ஊர்க் கோயிலின் ஞானஸ்நானப் பதிவும் அதுபோன்ற ஓரிரு தடயங்களுமே. அந்த அளவில் அவருடைய பாட்டனாரும் தஞ்சைச் சீமையின் ஒரு குத்தகை விவசாயியும் வரலாற்றின் முன் ஏறக்குறைய சமமானவர்கள்.

மாற்றம் தமிழகத்தில் நடந்தது. படைத்தலைவர் ஸ்ட்ரிஞ்சர் லாரன்சின் நட்பு கிடைத்தது. 1750களில் தஞ்சை மன்னர் பிரதாப சிங்கிடம் கும்பினியின் தூதராகச் சென்றார். பின்னர் குருப்பட்டத்தைத் துறந்தார். வங்காள ஆளுநர் ஹென்றி வான்சிட்டார்ட்டின் தங்கை ஆன் என்பவரை மணந்தார். 1763 முதல் 1767 வரை சென்னையின் ஆளுநராக இருந்தார். கும்பினியை எதிர்த்த மருதநாயகம் யூசுப்கான் மதுரையில் தூக்கிலிடப்பட்ட 1764 அக்டோபரில் சென்னைக் கோட்டையின் தலைமை நாற்காலியில் அமர்ந்திருந்தவர் இவரே. மருதநாயகத்தின் வாழ்க்கையை எழுதும் நம் நூல்களில் இந்த ஆளுநரின் பெயர் போதிய அழுத்தம் பெறாதது ஒரு குறை என்றே கருதுகிறேன்.

பணம் எப்படி வந்தது? அக்காலக் கும்பினி அதிகாரியின் சம்பளம் சிறிது, சொந்த வணிகமும் வட்டியும் பெரிது. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி போர்ச் செலவுக்கும் ஆடம்பரத்துக்கும் சென்னை வெள்ளையர்களிடம் கடன் வாங்கிக்கொண்டே இருந்தார். அவருக்குக் கடன் கொடுத்தவர்களில் பாக்கும் ஒருவர். அந்தக் கடனுக்கு ஈடு கர்நாடகச் சீமையின் நிலவரி. விளைச்சலில் சர்க்கார் பங்கு குத்தகைதாரர் கைக்குப் போய், அங்கிருந்து நவாபின் கருவூலத்துக்கும், கடைசியில் கடன்காரர்களின் வட்டிக் கணக்குக்கும் போனது. 1767இல் இக்கடன்கள் பத்து விழுக்காட்டு வட்டியில் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. 1785இல் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி ஆற்றிய புகழ்பெற்ற உரைக்கு இதுவே பின்னணி. ஆற்காட்டு உழவரின் வியர்வை வட்டியாக மாறிக் கடல் கடந்ததை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் உறுப்பினர் ஒருவரே அம்பலப்படுத்தினார் என்பதையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

1767இல் ஊர் திரும்பிய பாக், எக்ஸெடருக்கு அருகே ஹால்டன் மாளிகையையும் சுற்றியுள்ள பெருநிலத்தையும் வாங்கினார். கடலோரத்தில் டார்க்கீ ஊர் எழுந்த நிலமும் அவர் வசமாயிற்று. நாடாளுமன்ற உறுப்பினரானார். 1782இல் பாரனெட் பட்டம் கிடைத்தது. பெயருக்கு முன் ‘சர்’ சேர்க்கும் இந்தப் பட்டம் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குவது. ஆனாலும் பிரபுக்கள் சபையில் இடம் தராது. 1611இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் இதை ஏற்படுத்தியபோது, ஆண்டுக்கு ஆயிரம் பவுன் நிலவருமானம் உள்ளவர்களே தகுதி பெற்றார்கள். படைச் செலவுக்கென்று 1,095 பவுனும் செலுத்த வேண்டியிருந்தது. நிலம் இருந்தால் பட்டம், பட்டம் இருந்தால் வம்சாவளி, வம்சாவளி இருந்தால் நிலம் சிதறாமல் மூத்த மகனிடம் போகும் என்ற சுழற்சி அன்றே தொடங்கிவிட்டது.

என் வாதத்தின் மையம் இதுதான். ஆங்கில நிலக்கிழார் குடும்ப வரலாறு என்ற இலக்கிய வகை பிறந்தது சொத்துரிமையின் தேவையால். யார் மூத்தவர், யார் முறைப்படி பிறந்தவர், சீதனம் எவ்வளவு என்ற வழக்குகளுக்கு விடையாகவே பெயர்ப் பட்டியல்கள் வளர்ந்தன. 1826இல் வேறொரு பர்க் குடும்பத்தார் வெளியிடத் தொடங்கிய பட்டக்காரர் வம்சாவளித் தொகுப்புகள் அந்தத் தேவையை அச்சில் நிலைநிறுத்தின. அத்தகைய தொகுப்புகளில் ‘சென்னை ஆளுநர்’ என்ற இரு சொல் ஒரு பதவியாக நின்றுவிடும்; அந்த இரு சொல்லுக்குள் ஆற்காட்டின் எத்தனை அறுவடை அடங்கியிருக்கிறது என்று வாசகர் கேட்க மாட்டார். வம்சாவளி பெயர்களைக் காட்டும், செல்வத்தின் ஊற்றை மறைக்கும்.

பாக் குடும்பத்தின் கடிதங்கள் இந்த மறைப்பை ஓரளவு உடைக்கின்றன. சென்னை வரலாற்றை எழுதிய எச். டி. லவ் தொகுக்க, பிரிட்டனின் வரலாற்றுச் சுவடிகள் ஆணையம் 1922இல் அவற்றின் அறிக்கையை வெளியிட்டது. ஊர் திரும்பிய பிறகும் பாக்கின் மனமும் பணமும் சென்னையிலேயே இருந்ததை அவற்றில் காணலாம். தமிழக வரலாற்றுக்கு இது முதல்தரச் சான்று. அது டெவனில் ஒரு வீட்டில் காக்கப்பட்டதற்கும் காரணம் சொத்துதான்: வரவேண்டிய பணத்தைப் பற்றிய தாளை யாரும் எரிப்பதில்லை.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1788இல் பாக் தன் நண்பர் லாரன்சின் நினைவாக ஹால்டன் குன்றில் ஒரு கோபுரம் எழுப்பினார், இன்றும் நிற்கிறது. மூன்றாம் பாரனெட் கடனில் மூழ்கினார். நான்காமவர் டார்க்கீயில் துறைமுகப் பாலம் கட்டி, 1880இல் ஹால்டன் பிரபு ஆனார். அவருக்குப் பின் நிலம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. 1920களில் மாளிகையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. 1939இல் ஆண் வாரிசின்றிப் பட்டம் மறைந்தது.

இனி ஜொகூர். இங்கும் அதிகாரமும் நிலப்பத்திரமும் கைகோத்தே வளர்ந்தன. ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் குடும்பம் சீனத் தலைவர்களான கங்சுகளுக்கு ‘சூராட் சுங்கை’ என்ற ஆற்றுப் பத்திரங்களை வழங்கி, மிளகும் காம்பியரும் பயிரிடச் செய்தது. அக்குடும்பத்தின் அபு பக்கார் 1868இல் மகாராஜா, 1885 ஒப்பந்தத்தில் சுல்தான் எனப் பட்டத்தால் உயர்ந்தார். விக்டோரியா அரசியிடமும் ‘சர்’ பட்டம் பெற்றவர் அவர். 1909இல் ஜொகூர் இரயில்பாதை முடிந்தபின் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1917இல் கங்சு முறை ஒழிந்தது. ஆற்றுப் பத்திரத்தின் இடத்தைத் தோட்டக் கம்பெனியின் குத்தகைப் பத்திரம் பிடித்தது. மலாய் அரச குடும்பத்துக்கு சலாசிலா எனும் வம்சாவளி உண்டு; சீன முன்னோடிகளின் பெயர்கள் ஊர்ப்பெயர்களிலும் தெருப்பெயர்களிலும் உண்டு. காட்டை அழித்துப் பால் வெட்டிய தமிழர் எந்த நிலப்பத்திரத்திலும் கையெழுத்திடவில்லை. அவர் பெயர் ஏறியது செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் மட்டும்: இன்று பெரட்டு எனும் காலைக் கணக்கெடுப்புக்கு வந்தாரா, எத்தனை நாள் கூலி என்று.

அந்தப் பதிவிலும் பெயர் நிலைப்பதில்லை. பாக் என்ற குடும்பப் பெயர் முதல் பாரனெட்டிலிருந்து கடைசி வாரிசு வரை மாறாமல் ஓடியது. நம்மிடம் தந்தையின் பெயரே மகனின் அடையாளம். பேரனிடம் தாத்தாவின் பெயர் கழன்றுவிடும். அதற்கு மேல், தோட்ட எழுத்தரான கிராணி தன் காதுக்குக் கேட்டபடி ரோமன் எழுத்தில் எழுதியதால் உடன்பிறந்தவர்களே வெவ்வேறு எழுத்தில் பதிவானார்கள். ஜப்பானியர் காலத்துச் சயாம் மரண ரயில் பல குடும்பங்களின் நடுத் தலைமுறையைத் தின்றது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களைக் காலி செய்தது. 1938இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளின் குடியேற்றத்தைத் தடை செய்தபின் ஊருக்கும் தோட்டத்துக்குமான போக்குவரத்தும் மெலிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆற்காட்டுச் சுரண்டல்தான் நேராக நம் முன்னோரைக் கப்பலேற்றியது என்று நான் சொல்லவில்லை. பாக் ஊர் திரும்பியதற்கும் மலாயாவின் ரப்பர்க் காலத்துக்கும் இடையே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு இருக்கிறது. அதற்குள் வரிமுறைகள் மாறின, பஞ்சங்கள் வந்தன, சாதி அடிமைமுறை தன் வேலையைச் செய்தது. ஆனால் வட ஆற்காடு, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் பெயர்கள் இரு கதைகளிலும் வருவதை ஆய்வாளர் கவனிக்காமல் விட முடியாது. அந்த மண்ணின் உபரி டெவனில் மாளிகையாயிற்று. அந்த மண்ணின் நிலமற்றவர்கள் ஜொகூரில் லயத்துக்கு வந்தார்கள்.

ஆகவே நமக்குப் பாரனெட்டின் முறை உதவாது. சொத்தின் வழியே மேலேறும் அந்த முறை சொத்தில்லாதவரைத் தொடாது. நமக்கான சான்றுகள் வேறு. திருமண வீட்டு மொய் நோட்டு ஓர் அரிய ஆவணம்: பெயர், உறவு, வந்த தோட்டம், எழுதிய தொகை, அனைத்தும் ஒரே வரியில். கருமாதிப் பத்திரிகையில் மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். மாரியம்மன் கோயில் உபயப் பட்டியல் எந்த ஆண்டு யார் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று சொல்லும். தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தை பெயரும் பிறந்த நாளும் உண்டு. இவற்றை ஒன்றோடொன்று பொருத்தினால் நான்கு தலைமுறை வரை ஏற முடியும். மொய் நோட்டில் பெண்களின் பிறந்த வீட்டு வழியும் பதிவாகிறது என்பதால், ஆண் வழியை மட்டும் தொடரும் பாரனெட் வம்சாவளியை விட இது முழுமையானது என்பது என் முடிவு.

ஜொகூரில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. கோயில் இடம் மாறும்போது பழைய கணக்கு நோட்டுகள் முதலில் குப்பைக்குப் போகின்றன. கோயில் நிர்வாகக் குழுக்களையும் பள்ளித் தலைமையாசிரியர்களையும் வீட்டுப் பெரியவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: கறையான் அரித்திருந்தாலும் அந்த நோட்டுகளை எறியாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள்.