கட்சால் தீவில் பேரிடர் எச்சரிக்கையும் காலநிலைத் தகவமைப்பும்

கட்சால், நிக்கோபார் மாவட்டத்தில் கமோர்ட்டா, நன்கௌரி தீவுகளுக்கு மேற்கே உள்ள தீவு. நிக்கோபாரிப் பழங்குடியினர் வாழும் இத்தீவின் ரப்பர்த் தோட்டத்தில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களும் குடியமர்த்தப்பட்டன.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே எழுந்த நிலநடுக்கமும் சுனாமியும் இத்தீவைப் பெரிதும் அழித்தன. 2001 கணக்கெடுப்பில் 5,312 ஆக இருந்த மக்கள்தொகை 2011இல் 2,685 ஆகக் குறைந்தது. நிக்கோபார் தீவுகளில் நிலமும் ஒரு மீட்டர் முதல் நான்கு மீட்டருக்கு மேல் வரை தாழ்ந்தது. அலையாத்திக் காடுகளும் கரையோரத் தென்னந்தோப்புகளும் கடலுக்குள் போயின. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. தாழ்ந்த கரையில் இவ்வுயர்வின் பாதிப்பு கூடுதலாகும்.

2004இல் இந்தியப் பெருங்கடலுக்குச் சுனாமி எச்சரிக்கை அமைப்பு இல்லை. பின்னர், 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் தேசிய, மாநில, மாவட்ட ஆணையங்களுக்கு வழிவகுத்தது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையத்தில் சுனாமி எச்சரிக்கைப் பிரிவு 2007 அக்டோபரில் செயல்படத் தொடங்கியது. உயர் அலை, கடல் கொந்தளிப்பு முன்னறிவிப்புகளையும் இம்மையம் வெளியிடுகிறது. புயல் எச்சரிக்கை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பொறுப்பு. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டபோது ஐதராபாத் மையம் எச்சரிக்கை விடுத்தது; பேரலை எழாததால் பின்னர் விலக்கிக்கொண்டது.

செய்தியைக் கடைசி வீட்டுக்குச் சேர்ப்பதே கட்சாலில் கடினமான பணி. 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கண்ணாடியிழைக் கம்பிவடம் அண்டைத் தீவான கமோர்ட்டாவைத் தொடுகிறது. நிக்கோபாரி ஊர்களில் 'கேப்டன்' எனப்படும் ஊர்த்தலைவர்களே நிர்வாகத்துக்கும் மக்களுக்கும் இடையிலான இணைப்பு. நிலநடுக்க மண்டலம் அருகில் இருப்பதால், அறிவிப்பு வருமுன்பே அலை கரையை எட்டக்கூடும். எனவே, நிலம் வலுவாக நெடுநேரம் அதிர்ந்தாலோ கடல் திடீரென உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஏறுவது முதன்மையான பாதுகாப்பு விதியாகும்.

தகவமைப்பில் முதன்மையானது இடப்பெயர்வு. சுனாமிக்குப்பின் தகரக் கொட்டகைகளில் தங்கவைக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கரையிலிருந்து விலகிய மேட்டு நிலங்களில் நிரந்தர வீடுகள் கட்டித்தரப்பட்டன. இதனால் சுனாமி மட்டுமன்றி, உயரும் கடல், புயல் அலை ஆகியவற்றின் ஆபத்தும் குறைந்தது. ஆனால் தென்னையும் மீன்பிடிப்பும் கரையைச் சார்ந்தவை. மக்கள் நாள்தோறும் கரைக்கு இறங்க வேண்டியிருப்பதால், குடியிருப்பு மேடேறிய பிறகும் எச்சரிக்கையின் தேவை குறையவில்லை.