விருந்து யாருக்கு, செலவு யாருக்கு?

இந்தியாவில் முதன்முறையாக 2025 ஜூன் மாதம் நடந்த ரக்பி பிரீமியர் லீக் போட்டியில் வாகை சூடியது சென்னை புல்ஸ் அணி. இறுதி ஆட்டத்தில் தில்லி அணியை 41-0 என்ற புள்ளிக் கணக்கில் அது வீழ்த்தியது. ஆனால், சென்னையின் பெயரைத் தாங்கிய அந்த அணியின் ஓர் ஆட்டம்கூட சென்னையில் நடைபெறவில்லை. ஆறு அணிகளின் ஆட்டங்கள் அனைத்தும் மும்பை அந்தேரியில் உள்ள ஒரே திடலில் நடந்து முடிந்தன.

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குக் காலை நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, இதைச் சொல்லி வருத்தப்பட்டார். "செஸ் ஒலிம்பியாடையே நடத்திக் காட்டிய ஊர் சார் இது. ஒரு சர்வதேச ரக்பி போட்டியை நம்மால் இங்கே கொண்டுவர முடியாதா?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. 2030-ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை நடத்தும் வாய்ப்பு ஆமதாபாதுக்குக் கிடைத்திருக்கிறது. 2036 ஒலிம்பிக் போட்டிக்கும் இந்தியா முயன்று வருகிறது. இத்தகைய சூழலில் ஒவ்வொரு பெருநகருக்கும் ஆசை எழுவது இயல்பு. ஆனால், ஒரு போட்டியைக் கொண்டுவர முடியுமா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: என்ன விலை கொடுத்துக் கொண்டுவரப் போகிறோம்?

சர்வதேசப் போட்டிகளை நடத்தும் நாடு எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதை ரக்பி உலகக் கோப்பையின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. 1987-இல் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து முதல் போட்டியை நடத்தின. அன்று அது ஓர் எளிய முயற்சி. இன்றோ, டப்ளினைத் தலைமையிடமாகக் கொண்ட உலக ரக்பி அமைப்பின் வருவாயில் பெரும்பகுதி இந்த ஒரு போட்டியிலிருந்தே கிடைக்கிறது.

அந்த வருவாய் எப்படிப் பிரிக்கப்பட்டது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தொலைக்காட்சி உரிமம், விளம்பர உரிமம் ஆகியவற்றின் வருமானம் உலக அமைப்புக்கு. போட்டியை நடத்தும் நாட்டுக்கு முக்கியமாக மிஞ்சுவது நுழைவுச்சீட்டு வருமானம். அதற்கும் முன்கூட்டியே ஒரு தொகையைச் செலுத்துவதாக உறுதியளிக்க வேண்டும். 2015 போட்டிக்கு இங்கிலாந்து அளித்த உறுதி 8 கோடி பவுண்டு. 2019 போட்டிக்கு ஜப்பான் அளித்தது 9.6 கோடி பவுண்டு. 2023 போட்டிக்குக் கேட்கப்பட்ட குறைந்தபட்சத் தொகை 12 கோடி பவுண்டு.

தியாகராய நகரில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாகத் திருமணம் நடத்துவோர்தாம் மண்டபத்துக்கு வாடகை தருவார்கள். மண்டபத்துக்காரரே, "எங்கள் மண்டபத்தில் திருமணத்தை நடத்துங்கள், இவ்வளவு பணம் தருகிறோம். மொய் முழுவதையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்து மண்டபத்துக்காரரோடு போட்டி போட்டால் எப்படி இருக்கும்? சர்வதேசப் போட்டிகளின் ஏலம் ஏறத்தாழ அப்படிப்பட்டதுதான்.

இந்தத் தேர்வு தகுதியின் அடிப்படையில் மட்டுமே நடக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 2023 போட்டிக்கு பிரான்ஸ், தென்னாப்பிரிக்கா, அயர்லாந்து ஆகிய மூன்று நாடுகள் போட்டியிட்டன. திடல், நிதி, பாதுகாப்பு, போக்குவரத்து எனப் பல அளவுகோல்களில் மதிப்பெண் இட்ட தொழில்நுட்ப அறிக்கை 2017 அக்டோபர் 31-இல் வெளியாயிற்று. தென்னாப்பிரிக்காவுக்கு 78.97, பிரான்சுக்கு 75.88, அயர்லாந்துக்கு 72.25. அறிக்கை பரிந்துரைத்தது தென்னாப்பிரிக்காவை. இரண்டே வாரங்களில், நவம்பர் 15-இல், லண்டனில் நடந்த ரகசிய வாக்கெடுப்பின் இரண்டாம் சுற்றில் 24-15 என்ற கணக்கில் பிரான்ஸ் வென்றது. தேர்வுத்தாளில் முதலிடம் பெற்றவர் ஒருவர், நேர்காணலில் வேலை பெற்றவர் இன்னொருவர்.

ஒப்பந்த வாசகங்களும் வாய்ப்பைப் பறிக்கக்கூடும். 2003 போட்டியை ஆஸ்திரேலியாவுடன் இணைந்து நடத்தவிருந்த நியூசிலாந்து, அரங்க விளம்பர உரிமைகள் குறித்த பிணக்கால் முந்தைய ஆண்டே அந்த வாய்ப்பை இழந்தது. பின்னர் 2011-இல் அதே நாடு தனித்து நடத்தியபோது, சுமார் 3 கோடி நியூசிலாந்து டாலர் இழப்பு வரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு மக்களிடம் சொன்னது. அதில் மூன்றில் இரண்டு பங்கை அரசு ஏற்பது என்பதும் முன்பே முடிவானது. இழப்பு வந்தது, ஆனால், யாரும் ஏமாற்றப்படவில்லை. மக்களாட்சியில் இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

பொருளியல் வகுப்பில் நான் ஆண்டுதோறும் நடத்திய பாடங்களில் ஒன்று 'வென்றவரின் சாபம்'. மெக்சிகோ வளைகுடா எண்ணெய் வயல்களின் ஏலங்களை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர்கள் மூவர் 1971-இல் இதை எடுத்துக்காட்டினர். பூமிக்கடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பது ஏலம் கேட்கும் எவருக்கும் உறுதியாகத் தெரியாது. ஒவ்வொருவரும் ஒரு மதிப்பீடு செய்கிறார்கள். எல்லோரையும்விட அதிகமாக மதிப்பிட்டவரே ஏலத்தில் வெல்கிறார். ஆகவே, வென்றவர் பெரும்பாலும் தவறாகக் கணக்கிட்டவராகவே இருப்பார்.

எண்ணெய் நிறுவனமாவது தன் சொந்தப் பணத்தைப் பணயம் வைக்கிறது. விளையாட்டுப் போட்டிகளில் ஏலம் கேட்பவர் ஒருவர். பணம் கட்டுபவர் வேறொருவர். 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று நம் மூதாட்டிகள் சொன்னது இதைத்தான்.

நமக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. 2003 நவம்பரில் ஜமைக்காவில் நடந்த வாக்கெடுப்பில் கனடாவின் ஹாமில்டன் நகரை 46-22 என்ற கணக்கில் வென்று 2010 காமன்வெல்த் போட்டியைத் தில்லி பெற்றது. அப்போது, பங்கேற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் பயிற்சிச் செலவாக ஒரு லட்சம் டாலர் தருவதாக இந்தியா வாக்களித்தது. தொடக்கத்தில் 1,200 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்ட செலவு 18,532 கோடி ரூபாயாக உயர்ந்ததை 2011-இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை பதிவு செய்தது. அந்தப் போட்டியில் எழுவர் ரக்பியும் இடம்பெற்றது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆட்டங்கள் நடந்தன. அதன்பின் ரக்பி அங்கே வீட்டுக்கு வீடு பரவிவிடவில்லை.

அண்டை நாடான இலங்கை 2018 காமன்வெல்த் போட்டியை அம்பாந்தோட்டைக்குக் கொண்டுவர முயன்றது. 2011-இல் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் நகரிடம் 43-27 என்ற கணக்கில் தோற்றது. கடன் சுமையால் 2022-இல் அந்த நாடு பட்ட பாட்டை நினைத்தால், சில தோல்விகள் வரம் என்றே தோன்றுகிறது.

பணக்கார நாடுகளே இப்போது பின்வாங்குகின்றன. 2026 காமன்வெல்த் போட்டியை ஏற்றிருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவைக் காரணம் காட்டி 2023 ஜூலையில் விலகியது. அதை ஏற்றுக்கொண்ட கிளாஸ்கோ, விளையாட்டுகளின் எண்ணிக்கையைப் பத்தாகக் குறைத்தது. நீக்கப்பட்டவற்றில் ரக்பியும் ஒன்று. ரக்பி உலகக் கோப்பையும் பழைய ஏல முறையிலிருந்து விலகி, 2027 போட்டியை ஆஸ்திரேலியாவுக்கும் 2031 போட்டியை அமெரிக்காவுக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை மூலம் 2022 மே மாதத்தில் வழங்கியது. வாங்குவோர் குறைந்தால் விற்பவர் இறங்கி வருவார் என்பது சந்தை விதி. இந்தியா இன்று பேரம் பேசக்கூடிய இடத்தில் இருக்கிறது. அவசரப்பட்டு வாரி வழங்க வேண்டிய தேவை நமக்கில்லை.

"போட்டி நடந்தால் சுற்றுலா வளரும், வணிகம் பெருகும்" என்பது வழக்கமான வாதம். இதைச் சென்னையில் பொருத்திப் பார்ப்போம். மார்கழி மாதத்தில் மயிலாப்பூரிலும் ஆழ்வார்பேட்டையிலும் இசை விழாவுக்காக வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருவோரால் விடுதி அறைகள் நிறைகின்றன. அதே நாள்களில் ஒரு சர்வதேசப் போட்டியை வைத்தால், ரக்பி ரசிகர் ஒருவர் தங்கும் அறை, இசை ரசிகர் ஒருவருக்குக் கிடைக்காமல் போன அறையாக இருக்கும். வந்தவரின் செலவைக் கணக்கில் சேர்ப்போர், வராமல் போனவரின் செலவைக் கழிப்பதில்லை.

உள்ளூர்வாசிகளின் செலவும் இப்படித்தான். அடையாறில் வாழும் ஒரு குடும்பம் நுழைவுச்சீட்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தால், அது பெரும்பாலும் வேறொரு செலவிலிருந்து குறைந்த பணமே. பாண்டி பஜார் துணிக்கடைக்கோ, உணவகத்துக்கோ போயிருக்க வேண்டிய பணம் விளையாட்டு அரங்குக்குப் போகிறது. ஊரின் மொத்த வருமானத்தில் அது புதிய பணமாகாது.

அப்படியானால் எந்தப் போட்டியையும் நடத்தவே கூடாதா? அவ்வாறு சொல்வதும் தவறு. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளைச் சென்னை நடத்தியது. அதற்காக எழுந்த வேளச்சேரி நீச்சல் வளாகத்திலும் நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கிலும் முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகள் பயிற்சி பெறுகிறார்கள். அந்த நுங்கம்பாக்கம் அரங்கில் 1997 முதல் 21 ஆண்டுகள் நடந்த ஆடவர் டென்னிஸ் போட்டி 2018-இல் புணேக்குப் போய்விட்டது. சில ஆண்டுகளில் புணேயையும் விட்டு அகன்றது. போட்டி வரும், போகும்; அதன் உரிமம் வேறு எவரிடமோ இருக்கிறது. அரங்கு நம்முடையது. அதனால்தான் 2022-இல் மகளிர் டென்னிஸ் போட்டியை அங்கே நடத்த முடிந்தது.

செஸ் ஒலிம்பியாட் இன்னொரு நல்ல பாடம். உக்ரைன் போரால் ரஷியா வாய்ப்பை இழக்க, 2022 மார்ச் மாதத்தில் அது சென்னைக்குக் கிடைத்தது. நான்கே மாத அவகாசத்தில், சுமார் 92 கோடி ரூபாய் அரசு ஒதுக்கீட்டில், மாமல்லபுரத்தில் ஏற்கெனவே இருந்த விடுதி வளாகத்திலேயே 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் ஆடின.  அதைவிட முக்கியமாக, இங்கே சதுரங்கம் வீட்டுக்கு வீடு ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. வேர் இருந்த இடத்தில் விழா நடந்தது. விழாவால் வேர் வரும் என்று நாம் காத்திருக்கவில்லை.

ரக்பிக்கும் இதுவே பொருந்தும். பதினைவர் ஆடும் உலகக் கோப்பையைப் பற்றி நாம் கனவு காண வேண்டியதில்லை. எழுவர் ரக்பி வேறு வகை. ஒரு பாதி ஆட்டம் ஏழே நிமிடம். நல்ல புல்தரைத் திடல் ஒன்று இருந்தால் இரண்டு நாள்களில் ஒரு போட்டியையே முடித்துவிடலாம். பிகாரின் ராஜ்கீர் என்ற சிற்றூர் 2025 ஆகஸ்டில் 20 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசிய எழுவர் ரக்பியை நடத்தியது. பள்ளிகள்தோறும் ரக்பி ஆடப்படும் இலங்கை நமக்குக் கூப்பிடு தொலைவில் இருக்கிறது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி 1920-இல் தொடங்கப்பட்ட பெருமையும் சென்னைக்கு உண்டு; நந்தனத்தில் அது இன்றும் இயங்குகிறது. இந்த அளவில் தொடங்குவதே விரலுக்கேற்ற வீக்கம்.

எந்தப் போட்டியானாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகளுக்கு அரசு வெளிப்படையாக விடை சொல்ல வேண்டும். பற்றாக்குறை ஏற்பட்டால் அதை ஏற்பவர் யார், எவ்வளவு வரை? உரிமம் வைத்திருக்கும் அமைப்பு இழப்பில் பங்கேற்குமா? போட்டி முடிந்த மறுநாள் அந்தத் திடலில் யார் ஆடுவார்கள், என்ன கட்டணத்தில்? ஒப்பந்தம் முழுவதும் சட்டப்பேரவையிலும் மக்கள் முன்பும் வைக்கப்படுமா?

மூன்றாவது கேள்வி வெறும் கற்பனையன்று. 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி, தனது ஒன்பது செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைக்கவும், ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம் வசூலிக்கவும் தீர்மானித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்தத் தீர்மானம் கைவிடப்பட்டது. திடலைப் பராமரிக்கப் பணம் இல்லை என்று தெருப் பிள்ளைகளிடம் கட்டணம் கேட்க நினைக்கும் ஒரு நகரம், நான்கு வார விருந்துக்குக் கோடிகளை அள்ளித் தருவது எந்த வகையில் முறையாகும்?

ரக்பி வரலாற்றில் இந்தியாவுக்கு ஒரு விசித்திரமான இடம் உண்டு. 1873-இல் தொடங்கப்பட்ட கல்கத்தா கால்பந்துக் கழகம் ரக்பி ஆடிய கழகம். சில ஆண்டுகளிலேயே ஆள் குறைந்து கலைக்கப்பட்டபோது, வங்கிக் கணக்கில் எஞ்சியிருந்த 270 வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். நாகப்பாம்புக் கைப்பிடிகளும் யானை பொறித்த மூடியும் கொண்ட அந்த 'கல்கத்தா கோப்பை'க்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் ஆண்டுதோறும் மோதுகின்றன.

நம் வெள்ளி அங்கே கோப்பையாக மின்னுகிறது. அதைக் கொடுத்த கழகத்தில் ஆட்டம் நின்றுபோயிற்று. இனி நாம் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் இங்கே ஒரு திடலாக, அதில் கட்டணமின்றி ஓடியாடும் பிள்ளையாக நிலைக்க வேண்டும். அந்த உறுதி கிடைத்த பிறகு விருந்துக்கு அழைப்பு அனுப்புவோம்.

கட்டுரையாளர்:
பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).