கொத்தவரைப் பசையும் குழாய்த் தண்ணீரும்

குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரி நிலம்தான் அதிகம். அங்கே கொத்தவரங்காய்ன்னா பொரியல், மிஞ்சினால் வத்தல். அதே செடியின் முற்றின விதையில் இருக்கும் பசைக்கு வேறொரு வரலாறு உண்டு. நான் தேடிப் படித்ததில் கொஞ்சம் இங்கே.

1940களில் டாம்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் குளோரோபென்சீனில் துளி பாலிமரைக் கரைத்துக் குழாயில் ஓடவிட்டார். திரவம் கெட்டியானால் ஓட்டம் குறையணும் இல்லையா? அதே அழுத்தத்தில் முன்னைவிட அதிகமாக ஓடியது! 1948இல் நெதர்லாந்தில் நடந்த மாநாட்டில் இதைச் சொன்னார்.

காரணம் சுழிகள். வேகமாகப் போகும் தண்ணீர் குழாய்ச் சுவரை ஒட்டிச் சுழன்று கொந்தளிக்கும்; மோட்டார் கொடுக்கும் சக்தியில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். பாலிமரின் நீண்ட சங்கிலிகள் அந்தச் சுழிகளில் இழுபட்டு நீளும்போது சுழிகளின் வேகத்தை வாங்கிக்கொள்கின்றன. பத்து லட்சம் பங்குத் தண்ணீரில் சில பத்துப் பங்கு கலந்தாலே உராய்வு பாதிக்குமேல் குறையலாம். மெதுவாக ஓடும் வாய்க்காலில் இந்த வித்தை பலிக்காது.

1979இல் அலாஸ்கா எண்ணெய்க் குழாயில் இதைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள்.

கொத்தவரைப் பசையும் இப்படியொரு சங்கிலிதான். ஆனால் கரைத்து வைத்தால் சில நாளில் கிருமி தின்றுவிடும். செயற்கையான பாலிஅக்ரிலமைடு அப்படிக் கெடாது. பம்புக்குள் அடிபட்டு அறுந்துவிடும். 1980களில் காரக்பூர் ஐஐடியில் ஆர்.பி. சிங் குழுவினர், மாங்கன்றுக்கு ஒட்டுப் போடுவதுபோல, பசைச் சங்கிலியில் பாலிஅக்ரிலமைடு கிளைகளை ஒட்டினார்கள். அறுபடுவதும் குறைந்தது, கெடுவதும் தள்ளிப்போனது. பிறகு தெளிப்புநீர்ப் பாசனத்திலும் கொத்தவரைப் பசையைக் கலந்து பார்த்தார்கள். 2001இல் வந்த அந்தக் கட்டுரையின் நோக்கம், பம்புக்கு ஆகும் சக்தியை மிச்சம் பிடிப்பதும், மண்ணுக்குள் தண்ணீர் இறங்கிப் போவதைக் குறைப்பதும். போர்வெல்லை நம்பும் ஊருக்கு ரெண்டுமே பெரிய விஷயம்.

பணம் வந்தது வேறு திசையிலிருந்து. அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எரிவாயு எடுப்பவர்கள் மணலைச் சுமந்துபோகும் கெட்டித் தண்ணீருக்கு இந்தப் பசையை வாங்கிக் குவிக்க, 2012இல் விலை தாறுமாறாக ஏறியது. ராஜஸ்தான் விவசாயிகளுக்கு நல்ல காலம்.

நம்ம வயலுக்கு ஏன் வரலைன்னா, என் கணக்கு இது. எண்ணெய்க் குழாய் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளம்; போட்ட பாலிமர் வழிநெடுக உழைக்கும். தெளிப்பான் குழாயோ வயல் ஓரத்தோடு முடிந்துவிடும். தெளித்த பசை மண்ணோடு போச்சு. அடுத்த பாய்ச்சலுக்குத் திரும்பவும் கலக்கணும்.