வண்டலூர்க் காரும் ஓசூர் மொபெட்டும்

தாம்பரத்துக்குத் தெற்கே இரண்டாவது ஸ்டேஷன் வண்டலூர். அங்கேதான் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் 1961-ல் ஹெரால்டு காரைச் செய்யத் தொடங்கினார்கள். எஞ்சின் 948 சி.சி. அவ்வளவு அருகில் கார் பிறந்தும், செம்பாக்கத்தாருக்குக் கிடைத்த லாபம் அது ஜி.எஸ்.டி. ரோட்டில் போவதைப் பார்த்ததுதான்.

செம்பாக்கத்தில் மனை வாங்கியவருக்கு ஒரே கவலை: தாம்பரம் ரெயிலடிக்கு எப்படிப் போவது? 1931 முதல் அங்கிருந்து பீச்சுக்கு மின்சார ரெயில் இருக்கிறது; வாஸ்தவம். சைக்கிள் மிதித்துப் போய்ச் சேருவதற்குள் சட்டை நனைந்துவிடுமே!

1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. ஹெரால்டு எஞ்சினில் பத்தொன்பதில் ஒரு பங்கு! 1972-ல் புனாவிலிருந்து வந்த லூனாவும் அதே ஜாதிதான். ஆனால் இதில் இன்னொருவரும் ஏறலாம் என்றார்கள். அந்த 'இன்னொருவர்' என்பதற்கு நம்மவர்கள் செய்த வியாக்கியானம் இருக்கிறதே! எங்கள் வீட்டில் அப்பா ஓட்டுவார். முன்னால் நான் நிற்பேன். பின்னால் அம்மா, அவள் மடியில் தங்கை, தங்கை மடியில் கத்தரிக்காய்ப் பை.

பெட்ரோலில் ஆயிலை அளந்து கலக்க வேண்டும். பெட்ரோல் தீர்ந்தால் பெடலை மிதித்தே வீடு வரலாம். மாதக் கடைசியில் அப்பா அப்படித்தான் வருவார். கார் வாங்கப் பணம் இருந்தால் மாம்பலத்திலேயே வீடு வாங்கியிருப்பார். மொபெட்டை நம்பித்தான் இவ்வளவு தூரத்தில் மனை வாங்கினார்.

1985-ல் வண்டலூரார் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை விட்டுப் பார்த்தார்கள். பெட்ரோலை அதிகம் குடிக்கிறது என்று பெயர் வாங்கி, அது சில வருஷங்களில் நின்றும் போயிற்று. அந்த நாளில் அப்பா, எங்கள் இரண்டாவது அறைக்காக, காலடியில் ஒரு மூட்டை சிமெண்டை வைத்துக்கொண்டு ஏரிக்கரையோரம் மெதுவாக வந்துகொண்டிருந்தார்.